பதினோரு மாத வீடு

ஏப்ரல் இரண்டாம் வாரம் வந்தால் எங்கள் தெருவில் உருளைக்கிழங்குச் சாக்குக்குத் தட்டுப்பாடு வந்துவிடும். கிழங்கு போட்டுக் கட்டுவதற்கு அல்ல, குடும்பத்தைக் கட்டுவதற்கு. கொடைக்கானலில் எங்களைப் போல வாடகைக்கு இருப்பவர்களில் பலருக்கு வருடத்தில் பதினோரு மாதம்தான் வீடு. சீசன் தொடங்கியதும் வீட்டுக்காரர்கள் அதே வீட்டைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு நாள் கணக்கில் விடுவார்கள். நாங்கள் பீரோவையும் பாத்திர பண்டத்தையும் ஓர் அறையில் அடைத்துப் பூட்டிவிட்டு, துணிமணியைச் சாக்கில் கட்டிக்கொண்டு சொந்தக்காரர் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். மே முடிந்து கூட்டம் வடிந்ததும் திரும்பி வரலாம்.

மற்ற ஊர்களிலும் பதினோரு மாதத்துக்குத்தான் ஒப்பந்தம் எழுதுகிறார்கள் என்று சொல்வீர்கள். அது பத்திரப் பதிவுச் செலவுக்குப் பயந்து எழுதுவது. தாளில் மட்டும்தான் பதினொன்று. ஆள் எழுந்து வெளியே போக வேண்டியதில்லை. எங்கள் தெருவில் அந்தப் பன்னிரண்டாவது மாதம் நிஜமாகவே காணாமல் போகும்.

இதை யாரும் அநியாயம் என்று சொன்னதில்லை. வழக்கம் என்று பெயர் வைத்துவிட்டால் எதையும் சகித்துக்கொள்ள முடிகிறது. ஏழு வருடம் நானும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு வாய் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். என் கணவரைக் கேட்டால், தேவைக்கு மேலேயே இருக்கிறது என்பார்.

கல்யாணமான புதிதில் நாங்கள் சென்னையில் இருந்தோம். அவர் வாடகைக் கார் ஓட்டினார், நான் ஓர் ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்தேன். ஒற்றை அறை வீடு. கதவை முழுதாகத் திறந்தால் கட்டிலில் இடிக்கும். வாடகை வருடம் தவறாமல் ஏறியது. எங்கள் சம்பளம் நினைத்தபோது மட்டும் ஏறியது. மகளுக்கு மூன்று வயதானபோது எங்கள் இருவர் சம்பாத்தியத்தில் பாதிக்கு மேல் வீட்டுக்காரருக்குப் போய்க்கொண்டிருந்தது. "நம்ம மலைக்கே போயிருவோம். அங்கன வாடகை என்ன பெருசா இருந்திரப் போகுது" என்றார் அவர். அவருடைய சொந்த ஊர் மேல்மலையில் இருக்கும் பூண்டி. மலையில் பிறந்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி மூட்டை கட்டினேன். அன்று கட்டக் கற்றுக்கொண்டதுதான்.

அவர் பூண்டியிலிருந்து கேரட்டும் பூண்டும் ஏற்றிக்கொண்டு கீழே சந்தைக்குப் போகும் பிக்கப் வண்டி ஓட்டினார். எனக்குக் கொடைக்கானலில் ஒரு காட்டேஜில் அறைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நான் விரிக்கிற ஒரு படுக்கையின் இரண்டு இரவு வாடகைதான் எங்கள் வீட்டுக்கு ஒரு மாத வாடகை. இதை நினைத்துக்கொண்டே விரித்தால் விரிப்பு கோணிக்கொள்ளும். அதனால் நினைக்காமல் விரிக்கப் பழகினேன்.

இரண்டு மூன்று இடம் மாறி, கடைசியில் கிடைத்த வீடுதான் இந்தக் கதைக்குரியது. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, தகரக் கூரை, பின்னால் சரிவில் ஒரு துண்டு நிலம். வீட்டுக்காரர் திண்டுக்கல்லில் பள்ளி ஆசிரியை. என்னைவிட நாலைந்து வயது சின்னவர். நான் அவரை டீச்சர் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். அப்பா விட்டுப்போன வீடு அவருக்கு. வாடகை ஏழாயிரம். கொடைக்கானல் நிலவரத்துக்கு அது ரொம்ப நியாயமான வாடகை.

பின்பக்கச் சரிவில் ஒரு பிளம்ஸ் மரம் நின்றது. நாங்கள் போனபோது பாதி பட்டுப்போய் விறகுக்குத் தயாராக இருந்தது. என் கணவர் மார்கழியில் பட்ட கிளைகளைக் கவாத்து செய்து, அடியில் சாணி எரு போட்டார். மறு வருடம் தை மாதம் இலையே தெரியாமல் வெள்ளையாகப் பூத்தது. ஏப்ரலில் கொத்துக் கொத்தாகப் பச்சைக் காய். காய் சிவக்கத் தொடங்கும் வேளையில் எங்களுக்கு மூட்டை கட்டும் வேளை வந்துவிடும். ஜூனில் திரும்பி வந்தால் தரையெல்லாம் கொட்டை கிடக்கும், உச்சாணிக் கிளையில் குருவி கொத்தியது ஒன்றிரண்டு தொங்கும். ஏழு வருடமும் இதே கதைதான். நட்டவன் ஒருத்தன், தின்றவன் ஒருத்தன் என்று என் கணவர் சிரிப்பார். மகளோ சந்தையில் வாங்கிய பிளம்ஸைத் தின்னும்போதெல்லாம், "நம்ம மரத்துப் பழம் இதவிட இனிப்பா இருக்கும்" என்பாள். தின்னாத பழத்துக்கு ருசி அதிகம்.

அந்த வீட்டை நான் கெடுத்துவிட்டேன். அழகாக்கிக் கெடுத்தேன். என் தொழில் புத்தி அப்படி. ஒரு வீட்டை அழுக்காக விட்டுப் போக என்னால் முடியாது. ஏப்ரலில் காலி செய்யும்போது தரையைத் தேய்த்துக் கழுவி, கண்ணாடியைத் துடைத்து, காட்டேஜில் செய்வது போலவே கட்டிலில் விரிப்பை மடிப்புக் கலையாமல் இழுத்துச் செருகி, ஒரு டம்ளரில் நாலு பூவும் வைத்துவிட்டுத்தான் கிளம்புவேன். வாசலில் ஜெரேனியம் தொட்டிகள் வரிசையாக நின்றன. எல்லாம் பெயிண்ட் டப்பாவில் நானே வளர்த்தவை. ஒவ்வொரு ஜூனிலும் டீச்சர், "வந்தவங்க எல்லாரும் வீட்ட ஆகா ஓகோனு சொல்லிட்டுப் போனாங்கக்கா" என்பார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. போன வருடம் என்னிடமிருந்தே நாலு போட்டோ வாங்கினார். மரம் பூத்திருந்தபோது மகள் செல்போனில் எடுத்தவை. அவற்றை அவர் அறை பதிவு செய்யும் இணையதளம் ஒன்றில் போட்டார்.

மே கடைசியில், திரும்பி வருவதற்கு நாள் கேட்க டீச்சருக்குப் போன் செய்தேன்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. ஜூன் பூரா புக்கிங் ஆகியிருக்கு. பையனுக்குக் காலேஜ் பீஸு வேற தலைக்கு மேல கெடக்கு. இனிமே மாச வாடகைக்கு விடுறாப்புல இல்லக்கா."

அன்றைக்கே முன்பணத்தை என் கணக்குக்கு அனுப்பிவிட்டார். ஒரு பைசா பிடித்துக்கொள்ளவில்லை. அறையில் பூட்டி வைத்த சாமான்களை வேறு வீடு அமைந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டார். நல்லவர்கள் காலி செய்யச் சொன்னால் ஆத்திரத்தைக் காட்டக்கூட வழியில்லை. போனை வைத்துவிட்டுச் சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டேன். அந்த ஜெரேனியத்தையும் மடிப்பு விரிப்பையும் பார்த்துத்தானே வெளியூர்க்காரர்கள் ஓடி வருகிறார்கள்!

மகளுக்கு அந்த ஜூனில் பன்னிரண்டாம் வகுப்பு. நாங்கள் தங்கியிருந்தது பூண்டியில், என் கணவரின் அண்ணன் தோட்டத்துக் கொட்டகையில். ஒரு மாதத்துக்கு என்று போன இடம். மேலே மூங்கில் கம்பில் பூண்டுக் கட்டுகள் தொங்கும், கீழே பூண்டைப் பதப்படுத்த மூட்டம் போட்ட புகை சுற்றும், அதற்கும் கீழே நாங்கள். அண்ணனும் அவர் மனைவியும் முகம் சுளித்ததில்லை. ஆனால் அடுத்த அறுவடைக்கு அவர்களுக்குக் கொட்டகை வேண்டும். பள்ளிக்கூடமோ கொடைக்கானலில். மகளும் நானும் வெள்ளனே எழுந்து முதல் பஸ்ஸைப் பிடிப்போம். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். வளைவுக்கு வளைவு அவள் தலை என் தோளில் வந்து விழும். மடியில் இயற்பியல் புத்தகம் திறந்தது திறந்தபடி இருக்கும். பக்கம் திரும்பாது.

ஒரு நாள் அவள் சீருடையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "இன்னைக்குப் பக்கத்துல உக்காந்தவ எடம் மாறி உக்காந்துட்டாம்மா. எம்மேல பூண்டுப் புகை வாடையாம்." அழவில்லை, சும்மா சொன்னாள். எனக்குத்தான் நெஞ்சு காந்தியது. எத்தனை சோப்புப் போட்டுத் துவைத்தாலும் கொட்டகையில்தானே காயப் போட வேண்டும்.

வேலை முடிந்ததும் பஸ் வரும்வரை வீடு தேடினேன். ஓட்டல் ஒன்றின் பின்புறம் ஜெனரேட்டர் அறையை ஒட்டி ஓர் அறை காட்டினார்கள். ஜன்னல் கிடையாது, வாடகை ஒன்பதாயிரம். "இதுல கோழிய அடச்சா கூட செத்துரும்ங்க" என்றேன். இன்னொரு இடத்தில் மாத வாடகையே வேண்டாம், ஒத்திக்குத்தான் என்று எட்டு லட்சம் கேட்டார்கள். எட்டு லட்சம் மொத்தமாக இருந்தால் நான் ஏன் அடுத்தவர் படுக்கையை விரிக்கிறேன்? மூன்றாவதாக ஒன்று உண்மையிலேயே நன்றாக இருந்தது. சின்ன வீடு, நல்ல வெளிச்சம், வாடகை கட்டுப்படியாகும். வீட்டுக்கார அம்மாள் எல்லாம் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் குரலைத் தாழ்த்தி, "நீங்க என்ன ஆளுக?" என்று கேட்டார்.

"ஒண்ணாந்தேதி வாடகை குடுக்குற ஆளுகம்மா" என்றேன்.

அதோடு அந்த வீடு போயிற்று. இரவு சாப்பிடும்போது என் கணவர், "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சொன்னதும் சரிதான்" என்றார். அவர் அப்படித்தான், இரண்டையும் சொல்லிவிடுவார்.

ஜூலை பாதியில் ஆடி பிறந்தது. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். வீடு காட்டவும் மாட்டார்கள். தேடல் தானாக நின்றது. கொட்டகைக்கு வெளியே சாரல் நிற்காமல் அடித்தது. என் கணவர் ஒரு முடிவு சொன்னார். ஆடி முடியட்டும், அதற்குள் எதுவும் அமையாவிட்டால் வத்தலக்குண்டுக்கு இறங்கிவிடலாம், அங்கே வாடகை குறைவு. எனக்கு வேலை போகும். மகள் பன்னிரண்டாம் வகுப்பின் நடுவில் பள்ளி மாற வேண்டும். அவள் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே பூண்டுத் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். "எடையில பள்ளிக்கூடம் மாத்துனா நான் படிக்க மாட்டேன்" என்று தலை நிமிராமல் சொன்னாள். அவள் என் பெண். மாட்டேன் என்றால் மாட்டாள்.

அந்த வாரத்தில்தான் டீச்சரிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, ஒரு ஒத்தாச பண்ணணும். வீட்டுல வந்து தங்குனவங்க ராத்திரியே காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. மெத்தையெல்லாம் ஈர வாடையாம். ஒரு எட்டுப் போயிச் சுத்தம் பண்ணிக் குடுக்க முடியுமா? என்ன கூலியோ வாங்கிக்கோங்க."

எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டைக் கூலிக்குச் சுத்தம் செய்யக் கூப்பிடுகிறார்! முடியாது என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் அந்த வீட்டைப் பார்த்து மூன்று மாதமாகியிருந்தது. மரத்தையாவது பார்த்துவிட்டு வரலாம் என்று ஒத்துக்கொண்டேன். சாவி எங்கே இருக்கும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டாவது ஜெரேனியம் தொட்டிக்கு அடியில்தான் இருந்தது. அந்த இடத்தை அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

கதவைத் திறந்ததும் பூஞ்சை வாடை முகத்தில் அறைந்தது. சுவருக்குப் புதுசாகப் பளபளவென்று பெயிண்ட் அடித்திருந்தார்கள். மேற்குச் சுவரில் அந்தப் பெயிண்ட் அப்பளம் போலப் பொரிந்து நின்றது. கை வைத்தால் ஈரம். சமையல்கட்டில் விறகடுப்பைக் காணோம். அந்த இடத்தில் கரண்ட் அடுப்பு. கூரைக்கு அடியில் புகை போகிற சந்தில் பலகை வைத்து அடைத்து, அதன் மேல் கலர் விளக்கு மாட்டியிருந்தார்கள். ஜன்னலுக்கு மேலிருந்த காற்றுத் துவாரங்களுக்கு எல்லாம் கண்ணாடி. வருகிறவர்களுக்குக் குளிரக் கூடாது என்று செய்திருக்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. மலை வீட்டுக்குக் குளிர் எதிரி இல்லை, ஈரம்தான் எதிரி. சாரல் மாதங்களில் இரண்டு வேளையும் அடுப்பெரிந்து, புகையோடு ஈரமும் அந்தச் சந்து வழியே வெளியேற வேண்டும். பகலில் மூடுபனி விலகுகிற அரை மணி நேரத்தில் எல்லாக் கதவையும் திறந்துவிட்டு, மறுபடி மூட்டம் இறங்குவதற்குள் வெரசாக மூட வேண்டும். அதற்கு வீட்டில் ஆள் இருக்க வேண்டும். சனி ஞாயிறு மட்டும் ஆள் வந்து, மற்ற நாளெல்லாம் பூட்டிக் கிடந்தால் எந்த வீடும் ஊறிப்போகும்.

நடு அறை நிலைக்கதவில் மகளின் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருப்போம். வருடத்துக்கு ஒரு கோடு, பொங்கலன்று. கதவுக்கெல்லாம் பெயிண்ட் அடித்தவர்கள் அதை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். ஏன் என்று பிறகுதான் தெரிந்தது. அந்தக் கோடுகளையும் படம் எடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். குடும்பம் வாழ்ந்த வீடு என்று வருகிறவர்களுக்குப் பிடிக்கிறதாம். எங்களை வெளியே அனுப்பிவிட்டு நாங்கள் வாழ்ந்ததை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அந்தக் கதவடியில் உட்கார்ந்து ஒரு பாடு அழுதேன். அழுது முடித்துவிட்டு மெத்தையைத் தூக்கி நிறுத்தினேன், சுவரைத் துடைத்தேன், எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தேன். பின்னால் மரம் இலையோடு நன்றாகத்தான் நின்றது.

வேலை முடித்துவிட்டு டீச்சருக்குப் போன் போட்டேன். "கூலி இருக்கட்டும். ஞாயித்துக்கிழம நேர்ல வாங்க. வீட்டக் கண்ணால பாருங்க" என்றேன்.

ஞாயிறன்று சாரலில் நனைந்துகொண்டே வந்தார். நான் துடைத்துவிட்டுப் போன சுவர் மறுபடி வேர்த்திருந்தது. அவர் கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"பெயிண்டுக்காரரு பத்து வருசத்துக்கு வரும்னாரேக்கா."

"பெயிண்டு வரும் டீச்சர். செவுரு வரணும்ல?"

புகை போகிற சந்து அடைபட்டிருந்ததைக் காட்டினேன், கண்ணாடி போட்ட துவாரங்களைக் காட்டினேன். அவர் அந்தக் கலர் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். பெயிண்டுக்கும் விளக்குக்கும் கடன் வாங்கியிருந்தார். மேயில் வந்த காசு அதற்கே போய்விட்டது. ஜூன் பாதிக்கு மேல் புக்கிங் செய்தவர்களே ரத்து செய்துவிட்டார்கள், ஜூலையில் வந்தவர்களும் பாதியில் ஓடினார்கள். இதையெல்லாம் அவரே சொன்னார். அதுவரை வீட்டுக்காரர் என்றால் எங்கள் காசை வாங்கி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர் என்று நினைத்திருந்தேன். அவர் முகமும் அன்று என் முகம் போலத்தான் இருந்தது.

"இதுக்கு என்னதான்க்கா வழி?"

"தெனம் ரெண்டு வேள அடுப்பெரியணும். கதவத் தெறந்து மூட வீட்டுல ஆளு இருக்கணும்."

"அதுக்குன்னு ஒரு ஆளப் போட்டா, சம்பளத்துக்கு நான் எங்க போவேன்?"

"சம்பளம் வேணாம் டீச்சர். நான் வாடகை தாரேன்."

அவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. ஏழு வருடமாகப் பேசாத பேச்சை அன்று பேசினேன். வாடகையில் ஆயிரம் ஏற்றித் தருகிறேன், ஆனால் ஏப்ரலில் மூட்டை கட்ட மாட்டேன். மே மாதமும் எங்களுக்கு வேண்டும். மகளுக்கு அப்போதுதான் பரீட்சை முடிந்து கல்லூரிக்கு அலைய வேண்டியிருக்கும், அவளைக் கொட்டகையில் வைத்துக்கொண்டு அலைய முடியாது.

"மே மாசத்த விட்டா எனக்கு என்னக்கா மிஞ்சும்?" என்றார். அதுவும் நியாயம்தான். மேயில் எங்கள் காட்டேஜில் இரண்டு ஷிப்ட் வேலை இருக்கும், டிப்ஸும் வரும். "மேக்கு மட்டும் ரெட்ட வாடகை தாரேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் விரல்விட்டுக் கணக்குப் போட்டேன்.

அவர் யோசித்தார். "ஆனா அக்கா, அக்ரிமெண்டு பதினோரு மாசத்துக்குத்தான போட முடியும். ஒரு மாசம் விட்டுத்தான ஆகணும்?"

அந்த நேரம் அந்த யோசனை எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "விடுங்க. ஜூலைய விடுங்க" என்றேன். "ஆகஸ்டு ஒண்ணுலருந்து ஜூன் முப்பது வரைக்கும் எழுதுங்க. ஜூலை பொறந்தா நான் காலி பண்ணிர்றேன். நீங்க யாருக்கு வேணாலும் விட்டுக்கோங்க."

டீச்சர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். எதிர் வீடு தெரியவில்லை, ரோடு தெரியவில்லை, வெறும் வெள்ளை. "இந்த ஜூலைல எந்தக் கிறுக்கன்க்கா வருவான்?" என்று கேட்டுவிட்டு, தானே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இந்த முறை நானும் சிரித்தேன்.

ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடிக்கு முண்டியடிக்கிற நாம் வீட்டு வாடகையை மட்டும் ஏன் சித்திரையில் போய்ப் பேசுகிறோம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கூட்டம் அலைமோதும்போது வீட்டுக்காரர் காதில் எதுவும் விழாது. சுவர் வேர்க்கிற மாதத்தில் பேசினால் விழும். இதைப் பிறகு தெருவில் இரண்டு மூன்று பேரிடம் சொன்னேன். ஒருத்தி அடுத்த ஆடியில் பேசிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

கிளம்பும்போது டீச்சருக்கு ஒரு சந்தேகம். "ஆடில குடி வரக் கூடாதேக்கா. ஆவணி பொறக்கட்டுமா?"

"புது வீட்டுக்குத்தான் டீச்சர் ஆடி, ஆவணி எல்லாம். நாங்க எங்க வீட்டுக்குத் திரும்பி வாரோம். ஊருக்குப் போனவுக திரும்பி வாரதுக்கு நாள் பாக்கணுமா?"

மே மாதத்துக்கு இரட்டை வாடகை என்றதும் என் கணவர், "ஒனக்கென்ன கிறுக்கா?" என்று கத்தினார். மகள் புத்தகத்திலிருந்து நிமிர்ந்து, "அப்பா, மே மாசம் நம்ம வீட்டுல இருப்போமா?" என்று கேட்டாள். அவர் எழுந்து போய் வண்டியில் தார்ப்பாய் இருக்கிறதா என்று பார்த்தார்.

ஆகஸ்டு ஒன்றாம் தேதி, சரியான ஆடி மாதத்தில், சாக்கு மூட்டைகளோடு வந்து இறங்கினோம். பலகையைப் பிடுங்கிப் புகை போகிற வழியைத் திறந்து, மூன்று கல்லைக் கூட்டி விறகடுப்பையும் மறுபடி போட்டார் அவர். கலர் விளக்கை மகள் தன் மேஜைக்கு எடுத்துக்கொண்டாள். பால் காய்ச்சவில்லை. அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டுக் குடித்தோம். புகை தயங்கித் தயங்கிச் சந்து வழியாக வெளியே போயிற்று. துணியில் ஏறியிருந்த பூண்டு வாடை போக மூன்று வாரம் ஆயிற்று. சுவர் காயத் தை ஆனது.

அந்த வருடம் நாங்கள் ஒன்றும் செழித்துவிடவில்லை. ஏறிய ஆயிரத்துக்கு எதையெதையோ குறைத்தோம். ஆனால் மகளுக்குத் தினமும் நாலு மணி நேரம் திரும்பக் கிடைத்தது. மார்ச்சில் அவள் பரீட்சை எழுதினாள். ஏப்ரல் இரண்டாம் வாரம் தெருவில் சாக்குக்கு அலைந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி வந்து, "ஒனக்கு எத்தன வேணும்?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டாள். இந்தத் தடவை எனக்கு வேண்டாம் என்று சொன்னபோது எனக்கே கூச்சமாக இருந்தது. அவள் மூட்டையைக் கட்ட நானும் ஒரு கை கொடுத்தேன்.

மே வந்தது. எங்கள் வீட்டுக்கு எந்த மூலையில் மே மாத வெயில் விழும் என்று எனக்கு அதுவரை தெரியாது. மதியம் சமையல்கட்டு வரை வருகிறது. மரத்தில் காய் முதலில் ஒரு பக்கம் மட்டும் சிவந்து, பிறகு கருஞ்சிவப்பாகக் கறுக்கிறது. நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்த்தோம், பறிக்கவில்லை. தேர்வு முடிவு வருகிற அன்று முதல் பழம் பறிக்கலாம் என்று மகள் சொல்லிவிட்டாள்.

முடிவு வந்தது. அவள் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். எனக்குக் கண்ணே தெரியவில்லை. நல்ல மதிப்பெண். அவள் நினைத்த நர்சிங் படிப்புக்குப் போதும் என்றாள். என் கணவர் பின்னால் போய் மூன்று பழம் பறித்து வந்தார். வேட்டியில் துடைத்து ஆளுக்கொன்று கொடுத்தார். ஏழு வருடம் வளர்த்து, எட்டாவது வருடம் கடித்தோம்.

புளிப்பு என்றால் அப்படி ஒரு புளிப்பு! மகளின் ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. என் கணவர் கடித்ததைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றார். வந்து தங்கிப்போன ஒருவர் இந்தப் பழம் தேனாக இனித்தது என்று இணையத்தில் எழுதியிருந்ததை மகள் எடுத்துக் காட்டினாள். காசு கொடுத்துத் தங்கினால் எல்லாம் இனிக்கும் போலிருக்கிறது. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. கூடவே அழுகையும் வந்துவிட்டது. புளிப்பு என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மகள் போய் உப்பும் மிளகாய்ப் பொடியும் எடுத்து வந்தாள். தொட்டுக்கொண்டு தின்றால் நன்றாகத்தான் இருந்தது. மூன்று பேருமாக மரத்தடியிலேயே உட்கார்ந்து ஒரு கிண்ணம் தின்று தீர்த்தோம்.

ஜூலையில் நான் காலி செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத் தாளில் இருக்கிறது. போன வாரம் டீச்சர் போன் செய்து, "ஜூலைல எங்கயும் போயிராதீங்கக்கா, வீடு ஊறிப் போயிரும்" என்றார். அதற்கு அடுத்த வருடம் என்ன சொல்வாரோ தெரியாது. அவர் மகனுக்கு இன்னும் இரண்டு வருடம் பீஸ் கட்ட வேண்டும், இனி என் மகளுக்கும் கட்ட வேண்டும். ஆடி வரட்டும், பேசிக்கொள்ளலாம். பேசத் தெரிந்துவிட்டது.

நாங்கள் பழம் தின்றுகொண்டிருந்த அன்று வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இளம் தம்பதி. அந்தப் பையன் கையில் செல்போன், அதில் பழைய போட்டோ: என் ஜெரேனியம், பூத்த மரம்.

"ஆன்ட்டி, இந்த வீடுதான? ரூம் இருக்குங்களா? எவ்வளவுனாலும் பரவால்ல."

இரண்டு இரவுக்கு அவன் கொடுக்கத் தயாராக இருந்த காசு என் ஒரு மாத வாடகை. எனக்குத் தெரியும்.

"இல்லப்பா" என்றேன். "இங்க நாங்க இருக்கோம்."

சொல்லிவிட்டு அந்தச் சொற்களை எனக்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அந்தப் பெண்ணின் முகம் வாடியது. பாவமாக இருந்தது. பக்கத்துத் தெருவில் அறை கிடைக்கும் என்று வழி சொல்லி, ஒரு காகிதத்தில் பத்துப் பழமும் கொஞ்சம் உப்பும் கட்டிக் கொடுத்தேன்.

"தொட்டுக்கிட்டுத் தின்னுங்க. எங்க பழம் புளிக்கும்."